டிராயிங் மிஸ் மன்னிக்க மாட்டார்

எங்கள் டிராயிங் மிஸ் யாரையாவது பழிவாங்குவது என்று முடிவு செய்துவிட்டால், முதலில் பென்சில் சீவுவார். பிளேடால்தான் சீவுவார், ஷார்ப்னர் பக்கமே போக மாட்டார். ஸ்டாஃப் ரூம் ஜன்னலோரம் உட்கார்ந்து, சீவல்களை ஒரு டப்பா மூடியில் விழவிட்டபடி, வாயே திறக்காமல் சீவுவார். அந்தச் சத்தம் கேட்டதும் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம். இன்றைக்கு யார் தலை உருளப்போகிறதோ என்று கண்ணாலேயே கேட்டுக்கொள்வோம்.

பேரைச் சொல்ல மாட்டேன். பயம்தான், வேறென்ன. நானும் ஓசூரில்தான் இருக்கிறேன், அவரும் கெலவரப்பள்ளி அணைக்குப் போகிற வழியில்தான் இருக்கிறார். இதைப் படித்துவிட்டுப் பென்சிலைக் கையில் எடுத்தாரென்றால், என் மூஞ்சி எந்தச் சுவரில் எந்தக் கழுதைக்கு ஒட்டப்படும் என்று சொல்ல முடியாது. அப்படி மாட்டியவர்களை எனக்குத் தெரியும்.

பள்ளி வேன் ஓட்டிய கான்ட்ராக்டர் ஒருவர். ஒரு மழை நாளில் வேனில் இடம் பத்தவில்லை. "சப்ஜெக்ட் டீச்சருங்க மொதல்ல ஏறட்டும், டிராயிங் டீச்சர் அடுத்த டிரிப்ல வரட்டும்" என்று பிள்ளைகள் முன்னாலேயே சொல்லிவிட்டார். மிஸ் குடையை விரித்துக்கொண்டு பாகலூர் ரோடு வரைக்கும் நடந்தே போனார். அந்த வருடத் தீபாவளி விழாவுக்கு மேடையின் பின்திரையை வரைந்தவர் அவர்தான். முன்திரை விலகியதும் மேடை உயரத்துக்கு நரகாசுரன் நின்றான். அதே கத்தரித்த மீசை, மூக்கோரம் அதே மச்சம், ஒரு தோள் ஏறி ஒரு தோள் இறங்கிய அதே நிற்கும் வாகு. ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் "வேன் அண்ணா, வேன் அண்ணா" என்று கத்த ஆரம்பித்தன. பாவம், முதலில் கை தட்டியதே அந்த மனிதர்தான். புரிந்ததும் கையைத் தொங்கப் போட்டுவிட்டார். மறுநாளிலிருந்து வேனில் முன் சீட்டை மிஸ்ஸுக்காகக் காலியாக வைத்திருப்பார். மிஸ் அதில் ஒருநாளும் ஏறவில்லை. டவுன் பஸ்ஸில்தான் வந்து போனார், வேன் அவரைக் கடக்கும்போது டிரைவர் பக்கம் திரும்பி நன்றாக ஒரு வணக்கமும் வைப்பார்.

என்னையும் விட்டுவைக்கவில்லை. நான் அறிவியல் டீச்சர். கோவில்பட்டிப் பக்கத்துக்காரி, வீட்டுக்காரருக்கு இங்கே ஃபேக்டரியில் வேலை என்று வந்து சேர்ந்தவள். பரீட்சை நெருங்கினால் டிராயிங் பீரியடை வாங்கிப் பாடம் முடிப்பது எல்லாப் பள்ளியிலும் உள்ள வழக்கம்தான். யாரும் யாரையும் கேட்பதில்லை. நானும் கேட்காமல் ஒரு மாதம் அவர் பீரியடையெல்லாம் எடுத்துக்கொண்டேன். ஸ்டாஃப் ரூமில் பென்சில் சீவும் சத்தம் கேட்டது. அது எனக்கான பென்சில் என்று அப்போது தோன்றவே இல்லை.

அவர் செய்தது இதுதான். மிச்சமிருந்த ஒன்றிரண்டு பீரியடில் என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதயத்தின் படம் சொல்லிக்கொடுத்தார். எந்த அறையின் சுவர் தடிப்பு, எங்கே நிழல் விழும், ரத்தக் குழாய் எப்படி வளைந்து போகும் என்று ஆசை ஆசையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அரையாண்டுத் தேர்வில் இதயம் வந்தது. பிள்ளைகள் முக்கால்வாசி நேரம் இதயத்தையே வரைந்துகொண்டிருந்தன. மற்ற கேள்விகளுக்கு நேரம் இல்லை. விடைத்தாளைத் திருத்தும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாதி வகுப்பு ஃபெயில், ஆனால் அப்படியொரு இதயத்தை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் பார்த்ததில்லை.

"என்ன மிஸ் இப்படிப் பண்ணிப்புட்டீங்க" என்று சண்டைக்குப் போனேன்.

"டயகிராம்ல முழு மார்க் போட்டீங்களா இல்லியா? அதச் சொல்லுங்க மொதல்ல" என்றார். போட்டிருந்தேன். அன்று அவர் டப்பாவிலிருந்த எலுமிச்சைச் சாதத்தில் பாதியை எனக்கு வைத்தார். அதிலிருந்து நாங்கள் சிநேகிதம்.

அவருக்கு வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், மார்க்கெட்டில் பூக்காரரோடு மல்லுக்கு நிற்கக் கன்னடம். மூன்று மொழியிலும் அவர் வாயிலிருந்து "போனா போகட்டும்" என்று நான் கேட்டதில்லை. ஆனால் வெறும் வன்மக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். அவருடைய பாடமே அந்த வன்மத்தில்தான் இருந்தது. எந்தக் குழந்தையாவது "என்ன வரையறதுன்னு தெரியல மிஸ்" என்று வந்து நின்றால், ஆப்பிள் வரை, கொடி வரை என்று சொல்ல மாட்டார். "யார் மேல கோவம் உனுக்கு?" என்பார்.

"தம்பி மேல மிஸ். என் பென்சில் பாக்ஸ ஒடச்சிட்டான்."

"அவன வரை. எப்படி ஒடச்சான்னு வரை. அப்ப அவன் மூஞ்சி எப்படி இருந்துச்சு, நல்லா ஞாபகப்படுத்து."

அந்தக் குழந்தை நாக்கைத் துருத்திக்கொண்டு வரையும். கொம்பு முளைத்த தம்பிகள், பல் நீண்ட பக்கத்து வீட்டு மாமாக்கள், பிரம்போடு என்னைப் போலவே ஒரு டீச்சர், எல்லாம் அவர் அலமாரியில் இருந்தன. "யார் மேலயாச்சும் கோவம் இருந்தாதான் புள்ளைங்க நல்லா உத்துப் பாக்குதுங்க டீச்சர். ஆசையா இருக்கறவங்கள யாரு உத்துப் பாக்கறாங்க" என்பார். எனக்கு இதில் முழுச் சம்மதம் கிடையாது. ஆனால் அந்தப் படங்களில் ஒன்றுகூட இன்னொன்றைப் போல இருக்காது.

ஒரு தகப்பனார் பெற்றோர் கூட்டத்தில், "படம் வரஞ்சா சோறு போடுமா? அந்த நேரத்துல கணக்குப் போட வையுங்க" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாட்டு வியாபாரம் பார்க்கிற வசதியான மனிதர். மிஸ் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அப்போதே எனக்குத் திக்கென்றது. அடுத்த நான்கு வருடம் அந்த ஆளின் மகளைத் தன் நிழலிலேயே வைத்து வளர்த்தார். நல்ல வண்ணம், நல்ல காகிதம், ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எல்லாம் அந்தப் பெண்ணுக்குத்தான். இப்போது அவள் ஓவியக் கல்லூரியில் படிக்கிறாள். தகப்பனார் வந்து, "எம்பொண்ணக் கெடுத்துட்டீங்களே மிஸ்" என்று வாசலில் நின்று கத்தினார். மிஸ் அவருக்கு டீ வாங்கிக்கொடுத்து அனுப்பினார். அன்று முழுக்க அவர் முகத்தில் கல்யாணக் களை.

இப்படிப்பட்ட பெண்ணின் வகுப்பில்தான் எங்கள் தாளாளர் ஏஐயைக் கொண்டுவந்து இறக்கினார்.

அதற்காக அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. பெங்களூருப் பள்ளிகளில் எது வருகிறதோ அது ஆறு மாதத்தில் ஓசூருக்கும் வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அட்மிஷன் குறையும். டிராயிங் ரூம் வாசலில் 'கிரியேட்டிவ் லேப்' என்று பலகை மாட்டினார்கள். உள்ளே கம்ப்யூட்டர்கள், ஒரு ஸ்கேனர். பிள்ளைகள் வேண்டியதை டைப் செய்தால் படம் வரும். கையால் வரைந்ததை ஸ்கேன் செய்து கொடுத்தால், அதைத் திருத்தி மெருகேற்றிப் பளபளவென்று திருப்பித் தரும். "நீங்க சும்மா கூட இருந்து பாத்துக்கிட்டா போதும் மிஸ்" என்றார் தாளாளர். மிஸ்ஸின் முகம் சுருங்கியதை அவர் கவனிக்கவில்லை.

அதைச் செய்து காட்டக் கம்பெனியிலிருந்து வந்த பையன், "எது வேணும்னாலும் கேளுங்க மேடம், வரஞ்சு குடுக்கும்" என்றான். மாந்தோப்பு வந்தது, ஓடுகிற குதிரை வந்தது, மழை வந்தது. மிஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குது. இதுக்கு யார் மேல கோவம்?"

"இதுக்குக் கோவமெல்லாம் கிடையாது மேடம்."

"அப்புறம் எதுக்கு வரையுது?"

பையன் ஜோக் என்று நினைத்துச் சிரித்தான். மிஸ் சிரிக்கவில்லை.

உள்ளதைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது. கோடே வராத பிள்ளைகள்கூட வாயைப் பிளந்துகொண்டு பார்த்தன. என் பாடத்துக்கு நாலு படம் நானே எடுத்துக்கொண்டேன். மிஸ்ஸும் ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு கூட இருந்து பார்த்துக்கொண்டார். பவித்ராவின் படம் வந்த பிறகுதான் வினை வந்தது.

பவித்ரா ஏழாம் வகுப்பு. சொந்த ஊர் வேப்பனப்பள்ளிப் பக்கம். அப்பா தொழிற்பேட்டையில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவர், என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் அதே ஃபேக்டரி. தகடு நறுக்குகிற மெஷினில் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. அதற்கப்புறம் அந்தக் கையை அவர் பேண்ட் பாக்கெட்டை விட்டு வெளியே எடுத்து யாரும் பார்த்ததில்லை. பெற்றோர் கூட்டத்தில்கூட இடது கையால்தான் கையெழுத்துப் போடுவார்.

அந்த ஃபேக்டரியில் ஆயுத பூஜைக்கு மெஷினையெல்லாம் கழுவிப் பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டி, அன்று ஒருநாள் மட்டும் குடும்பத்தை உள்ளே விடுவார்கள். தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டியும் உண்டு. வந்த படங்களையெல்லாம் மெஷின்களுக்கு நடுவே கயிறு கட்டி மாட்டுவார்கள். அந்த வருடத் தலைப்பு 'எங்க அப்பா'.

"மிஸ், எங்கப்பா கைய வரையட்டுமா? ஊட்ல சாப்புடறப்ப மட்டுந்தான் வெளிய எடுப்பாரு" என்று பவித்ரா கேட்டாள்.

"யாரும் பாக்காத கை. வரை" என்றார் மிஸ்.

நான் அந்தப் படத்தைப் பார்த்தேன். ஒரு சாப்பாட்டு வட்டில், அதில் கேழ்வரகுக் களி. மிச்சமிருக்கும் மூன்று விரலால் அந்த மனிதர் களியைக் கிள்ளி உருட்டுகிறார். கட்டை விரல் படாத பாடு படுகிறது, சுண்டு விரல் தாங்கிப் பிடிக்கிறது. தழும்பு மினுமினுக்கிறது. வேறு ஒன்றும் இல்லை, முகம்கூட இல்லை.

போட்டிக்குப் போகும் எல்லாப் படங்களையும் லேபில் கொடுத்து மெருகேற்றி அனுப்பச் சொன்னார் தாளாளர். பள்ளியின் பெயர் போகிற இடமாயிற்றே. பவித்ராவின் படம் திரும்பி வந்தபோது கையில் ஐந்து விரல்கள் இருந்தன. அழகான, சிவந்த, நகம் வெட்டிய விரல்கள். தழும்பு இல்லை. களி என்னவென்று அதற்குத் தெரியவில்லை போலிருக்கிறது, அதைச் சாக்லேட் கேக் ஆக்கி மேலே ஒரு செர்ரிப் பழமும் வைத்திருந்தது.

பவித்ரா ரொம்ப நேரம் அதையே பார்த்தாள். "இது எங்கப்பா இல்ல மிஸ்" என்றாள். "வேற யாரோ கேக் சாப்புடறாங்க."

மிஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நேரே தாளாளர் அறைக்குப் போனார். நானும் கூடவே போனேன். "அசல் படத்தையே அனுப்பலாம் சார்" என்று கேட்டார். அவர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். தாளாளர் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இதுல என்ன மிஸ் தப்பு? நல்லா முழுசா இருக்குது. பூஜை நாள்ல வெட்டுப்பட்ட கைய யாரு பாப்பாங்க? நல்ல நாளும் அதுவுமா" என்றார். அசலை மேஜை டிராயரில் போட்டு மூடினார். பவித்ரா அழவில்லை. அப்பா கையை யாரும் பார்க்க மாட்டார்கள் என்று அவளுக்கு ஏற்கெனவே தெரியும்போல, பேசாமல் வகுப்புக்குப் போய்விட்டாள். அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது.

அன்று மத்தியானம் முழுக்க ஜன்னலோரம் பென்சில் சீவும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அந்த வாரமே பள்ளியை ஆரம்பித்த பெரியவரின் நினைவு நாள். தாளாளரின் அப்பா. லாரி ஓட்டிச் சம்பாதித்துப் பள்ளி கட்டியவர். சின்ன வயதில் முள் குத்தி ஒரு கண் வெளுத்துப்போனவர், முன்பல்லும் ஒன்று கிடையாது. வரவேற்பறையில் மாட்டியிருந்த அவருடைய எண்ணெய் ஓவியம் டிராயிங் மிஸ் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வரைந்தது. வெளுத்த கண்ணை வெளுத்த கண்ணாகவே வரைந்திருந்தார். வருடா வருடம் அதைக் கழற்றித் துடைத்து மாலை போடுவதும் மிஸ்ஸின் பொறுப்புதான்.

காலையில் தாளாளர் வேட்டி சட்டையில் வந்தார். பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். சாமந்தி மாலைக்கு நடுவே படம். தாளாளர் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு நிமிர்ந்தார். மாலைக்குள் இருந்தது ஒரு சினிமா மாமனார். இரண்டு கண்ணும் பளிச்சென்று, பல்வரிசை முத்து முத்தாக, கன்னத்தில் சுருக்கமே இல்லாமல், லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தார். மிஸ் அந்த ஓவியத்தைப் போட்டோ எடுத்து, லேபில் கொடுத்து, பவித்ரா படத்துக்குச் செய்த அதே மெருகைச் செய்து, ஃபிளெக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டுச் சட்டம் அடித்து மாட்டியிருந்தார்.

தாளாளர் படத்துக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். அதற்குள் அவருடைய அம்மா காரை விட்டு இறங்கி, பேத்தி கையைப் பிடித்து மெல்ல நடந்து வந்துவிட்டார். படத்தின் முன் நின்று பார்த்தார். மகன் பக்கம் திரும்பி, "ஈயன எவரு?" என்றார். இவர் யார் என்று தெலுங்கில் கேட்டார்.

டிராயிங் மிஸ்தான் சொன்னார். "மீ ஆயனேம்மா." உங்கள் வீட்டுக்காரர்தான் என்று அர்த்தம்.

அந்த அம்மா கையை நீட்டி, படத்தில் வெளுத்த கண் இருந்திருக்க வேண்டிய இடத்தைத் தொட்டார். தொட்ட கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். கண்ணில் நீர் வந்துவிட்டது. அதை என்னால் ரசிக்க முடியவில்லை.

"என்ன மிஸ் இது?" என்றார் தாளாளர்.

"நம்ம லேபு சார். நல்லா முழுசா இருக்குதில்ல? நல்ல நாளும் அதுவுமா வெளுத்த கண்ண யாரு பாப்பாங்கன்னு நெனச்சேன்."

"எங்கப்பா படம் எங்க?"

"உங்கப்பா படம் என்கிட்ட பத்தரமா இருக்குது. பவித்ரா அப்பா படம் உங்ககிட்ட இருக்குது."

தாளாளர் அறைக்குப் போனார். டிராயர் திறக்கும் சத்தம் கேட்டது. களியும் கையும் இருந்த காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினார். மிஸ் அதை வாங்கி என்னிடம் கொடுத்தார். "டீச்சர், இத நீங்களே ஃபேக்டரில சேத்துருங்க, இன்னிக்கே" என்றார். பிறகு அலமாரிக்குப் பின்னாலிருந்து பெரியவரின் ஓவியத்தை எடுத்துவந்து, தன் முந்தானையால் துடைத்து, அந்த அம்மாவின் கையில் கொடுத்தார்.

சாயங்காலத்துக்குள் அவரை வேலையை விட்டு நிறுத்தியாயிற்று. அவர் எதிர்பார்த்ததுதான். பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தவரிடம் கேட்டேன். "அந்தம்மா என்ன பாவம் பண்ணாங்க மிஸ்? அவங்கள ஏன் அழ வச்சீங்க?"

"பாவந்தான்" என்றார். "பவித்ராவும் பாவந்தான. அவ அழுவாததுனால உங்களுக்குத் தெரியல." பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். எனக்கு அவர் மேல் அன்று கோபமும் இருந்தது, பெருமையும் இருந்தது.

ஆயுத பூஜை அன்று நானும் என் வீட்டுக்காரரோடு ஃபேக்டரிக்குப் போனேன். பொரியும் சுண்டலும் ஒரு பக்கம், நாதஸ்வரம் ஒலிபெருக்கியில் ஒரு பக்கம். கயிற்றில் படங்கள் ஆடிக்கொண்டிருந்தன. பல பள்ளிகளிலிருந்து வந்த பளபளப்பான அப்பாக்கள். எல்லாருக்கும் ஒரே சிரிப்பு, ஒரே ஹெல்மெட். நடுவே பென்சிலில் அந்தக் கை. பரிசு அதற்கு இல்லை, அது எனக்குத் தெரியும். அந்த அப்பா என்ன சொல்வாரோ என்றுதான் எனக்குக் கவலை. இவ்வளவும் செய்தோமே, அவரிடம் ஒரு வார்த்தை யாராவது கேட்டோமா?

பவித்ராவோடு அவர் வந்தார். படத்தைப் பார்த்ததும் முகம் கறுத்துவிட்டது. சுற்றும் முற்றும் பார்த்தார். "எதுக்குப் பாப்பா இத வரஞ்ச? கழட்டு. மேனேஜர் வந்தாருன்னா என் வேலைக்கு ஒல வெச்சிருவாங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். பாக்கெட்டுக்குள் கை முறுக்கிக்கொள்வது வெளியே தெரிந்தது.

"நீ களி உருட்டறது எனக்குப் புடிக்கும்பா" என்றாள் பவித்ரா.

அவர் படத்தைக் கழற்ற இடது கையை நீட்டினார். அப்போது பின்னாலிருந்து ஒருவர், பக்கத்து லைனில் மெஷின் ஓட்டுகிறவராம், "இரு மாமா, கழட்டாத" என்றார். வந்து நின்று படத்தை உற்றுப் பார்த்தார். பிறகு பவித்ராவிடம் தன் இடது கையை நீட்டினார். கட்டை விரல் பாதிதான் இருந்தது. "எனக்கும் ஒண்ணு போட்டுத் தரியா கண்ணு?"

பவித்ரா அப்பாவைப் பார்த்தாள். அவர் கயிற்றிலிருந்த படத்தைப் பார்த்தார். பிறகு மூன்று விரல் கையை வெளியே எடுத்து, அங்கே கிடந்த அட்டைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, "உக்காந்து வரை" என்றார்.

என் பையிலிருந்த விடைத்தாள் கட்டைப் பிரித்து, எழுதாத பக்கங்களைக் கிழித்துக் கொடுத்தேன். முதல் கை முடிவதற்குள் அடுத்தவர் வந்து நின்றார். அவருக்கு இரண்டு விரல் நுனிகள். அவருக்குப் பின்னால் ஒருவர், மோதிர விரல் இருந்த இடத்தில் ஒரு குழி. வெல்டிங்கில் வெந்த கை ஒன்று. வரிசையாக நின்றார்கள். முடிந்த படங்களைப் பவித்ராவின் அப்பாவே வாங்கிக் கயிற்றில் மாட்டினார். ஆபீசிலிருந்து ஒருவர் ஓடிவந்து, "இதெல்லாம் இன்னிக்கு எதுக்குப்பா, கெஸ்ட்டு வர்ற நேரம், கலஞ்சி போங்க" என்றார். ஒருவரும் நகரவில்லை. இத்தனை கைகள் பாக்கெட்டுக்குள் இருந்தன என்று என் வீட்டுக்காரருக்கே தெரியவில்லை.

நான் ஓரமாகப் போய் டிராயிங் மிஸ்ஸுக்குப் போன் போட்டு நடப்பதைச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன், ஒரு "ஆஹா"கூட வரவில்லை.

"லைன்ல எத்தன பேரு?"

"எண்ண முடியல மிஸ். கேண்டீன் வரைக்கும் நிக்கறாங்க."

பிறகு கேட்டார்.

"பேப்பர் பத்துமா?"